டை ஹார்ட் 5 ‘எக்ஸ்டெண்டட் கட், ஒரிஜினல்’னு விக்கிறாங்களா? காசு அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பழைய ஆக்‌ஷன் படங்களோட ப்ளூரே டிஸ்க் சேர்க்கிறவங்களுக்கு மட்டும் இந்தப் பதிவு. சமூக வலைத்தளத்துல பக்கம் நடத்தி, "இம்போர்ட்டட் ஒரிஜினல்"னு டிஸ்க் விக்கிற ஒரு ஆள்கிட்ட 3,200 ரூபாய் போச்சு. பக்கத்தோட பேரைப் போடலை, போட்டா நாளைக்கே வேற பேர்ல வந்து நிப்பான். ஏமாத்தற விதத்தைச் சொல்றேன், அதை வெச்சுக் கண்டுபிடிச்சுக்கோங்க.

விளம்பரம் இதுதான்: டை ஹார்ட்ங்கிற ஹாலிவுட் பட வரிசையோட அஞ்சு படமும் ஒரே பெட்டியில, அமெரிக்கப் பதிப்பு, அஞ்சாவது படம் எக்ஸ்டெண்டட் கட். தூண்டிலே அந்தக் கடைசி வார்த்தைதான், தியேட்டர்ல வந்ததைவிட நீளமான பதிப்புனு அர்த்தம்.

2013-ல வந்த அஞ்சாவது படத்தோட லட்சணம் பார்த்தவங்களுக்குத் தெரியும். 1988-ல ஜான் மெக்டியர்னன் எடுத்த முதல் படத்துல ஒரே கட்டடம். ப்ரூஸ் வில்லிஸ் கால்ல செருப்பு இல்லை, கண்ணாடிச் சில்லு மேல நடக்கறார், எதிரி எத்தனை பேர் மிச்சம்ங்கிற கணக்கு நமக்கும் தெரியும். அஞ்சாவதுல அந்தக் கணக்கே கிடையாது. மாஸ்கோன்னு சொல்லி புடாபெஸ்ட்ல எடுத்த துரத்தல்ல கார் காரா நொறுங்குது, மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலை. மாஸ்கோவுல கிளம்பி கார்லயே ராத்திரியோட ராத்திரியா, அணு உலை விபத்து நடந்த உக்ரைன் செர்னோபில் போய்ச் சேர்றாங்க. நேர்கோட்டுல அளந்தாலே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல, நடுவுல நாட்டு எல்லை வேற. அங்க போனா ஏதோ ஒண்ணைப் பீச்சிக் கதிர்வீச்சைப் போக்கிடறாங்க! முதல் நாலு படத்துக்கும் வேற எங்கேயோ ஒரு மூலம் இருந்தது: முதல் ரெண்டுக்கு நாவல், மூணாவதுக்கு வேற படமா எழுதின திரைக்கதை, நாலாவதுக்குப் பத்திரிகைக் கட்டுரை. அஞ்சாவதுக்கு அப்படி எதுவும் இல்லை, அது திரையில நல்லாவே தெரியும்.

இதெல்லாம் தெரிஞ்ச ஆளுங்ககிட்டதான் அவன் இப்படிப் பேசறான்: "தியேட்டர்ல வந்தது வெட்டின படம் சார். எக்ஸ்டெண்டட் கட் பாருங்க, வேற படம் மாதிரி இருக்கும்." இதுல பாதி உண்மை, அதனாலதான் நம்பத் தோணுது. எக்ஸ்டெண்டட் கட்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. தியேட்டர்ல ஓடினது 98 நிமிஷம், இது 101. பிரிட்டன்ல சின்னப் பசங்களும் பார்க்கற 12ஏ சான்றிதழுக்காகத் தியேட்டர் பிரதியை வெட்டினதும் நடந்ததுதான். கேட்டதும் டிஸ்க்கோட உள்வளையத்தை, அதாவது நடு ஓட்டையைச் சுத்தி எண் பொறிக்கிற இடத்தை, கிட்டக்க எடுத்த போட்டோ அனுப்பினான். பொடி எழுத்துல பொறிச்ச எண், பார்கோடு எல்லாம் சுத்தமா இருந்தது. அந்த போட்டோதான் நம்பவெச்சது. "ஒரு பீஸ்தான் சார் இருக்கு, இன்னொருத்தர் கேட்டுட்டிருக்கார்"னு ஒரு அவசரம். கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம், யுபிஐ மட்டும்தானாம். 3,200 ரூபாய் போனது அப்படித்தான்.

வந்த பெட்டியோட அட்டை இங்க்ஜெட் பிரிண்ட், ஈரவிரல் பட்டா மை கலையுது. டிஸ்க்கைத் திருப்பினா அடிப்பக்கம் கருத்த பழுப்பு. ஆலையில அச்சடிச்ச டிஸ்க் வெள்ளி மாதிரி பளிச்சுனு இருக்கும், இந்த இருட்டு நிறம் வீட்டுல ரைட் பண்ற பிடி-ஆர், அதாவது வெத்து ப்ளூரே டிஸ்க். உள்வளையத்துல படத்துக்கான எண்ணே இல்லை, வெத்து டிஸ்க் தயாரிச்ச கம்பெனியோட குறியீடு மட்டும். கம்ப்யூட்டர்ல போட்டா 25 ஜிபி, ஒத்தை அடுக்கு, சாதாரண வெத்து டிஸ்க்கோட அளவுதான்.

ஓட்டிப் பார்த்தா இன்னும் கொடுமை. முதல் நாலு படமும் அகலத்திரை, 2.35-க்கு 1 கணக்கு, அதனால டிவியில மேலயும் கீழயும் தடிச்ச கறுப்புப் பட்டை வரணும். இதுல முதல் படம் திரை முழுக்க நிறைஞ்சு வருது, அதாவது ரெண்டு பக்கமும் அரிஞ்சு போட்ட டிவி பிரிண்ட். மெக்டியர்னன் ஃப்ரேமோட ஓரத்துல ஆளை நிறுத்தற காட்சியில ஆளே பாதிதான் இருக்கான். அஞ்சாவது மட்டும் 1.85, அது கிட்டத்தட்ட நிறையறது சரிதான். ஆனா ஆரம்பத்துலயே ஹீரோவோட மகள் லூசி அவரை ஏர்போர்ட்ல கொண்டுவந்து விடறா! எக்ஸ்டெண்டட் கட்ல லூசி வர்ற காட்சிகளையே எடுத்துட்டாங்க. லூசி வந்தா அது தியேட்டர் பிரதி, அவ்வளவுதான். ப்ளேயர்லயும் 98 நிமிஷம்தான் காட்டுது.

கேட்டதுக்கு வந்த பதில்களைப் பாருங்க. "ப்ளேயர் ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க சார்." படத்துல இருக்கற பொண்ணு ப்ளேயரோட மென்பொருளை மாத்தினா காணாமப் போயிடுவாளா? அடுத்து, "டிஸ்க் கலர் பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்." அடுத்து, "சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." கடைசியா, "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது." சீலை உடைக்காம டிஸ்க்கோட அடிப்பக்கத்தை எப்படிய்யா பார்க்கறது? அதுக்கப்புறம் பிளாக். பக்கத்துல போட்ட கமென்ட்டையும் காணோம். 3,200 ரூபாய்க்குக் கையில இருக்கறது ரைட் பண்ணின அஞ்சு டிஸ்க்.

வாங்கப் போறவங்களுக்கு:

போட்டோவை நம்பாதீங்க, யாரோட டிஸ்க்கை வேணா எடுத்துப் போடலாம். உங்க பேரைத் துண்டுச்சீட்டுல எழுதிப் பக்கத்துல வெச்சு, டிஸ்க்கோட அடிப்பக்கத்தை வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

ப்ளேயர்ல ஓட்டி மொத்த நேரத்தைக் காட்டச் சொல்லுங்க. 1 மணி 41 நிமிஷம் இருக்கணும்.

எந்தப் பகுதி ப்ளேயர்ல ஓடணும்னு டிஸ்க்குல ரீஜன் பூட்டு வரும்: அமெரிக்கப் பதிப்பு ரீஜன் ஏ, இந்தியா ரீஜன் சி. "எல்லா ப்ளேயர்லயும் ஓடும்"னு அடிச்சுச் சொன்னா சந்தேகப்படுங்க. பூட்டு இல்லாம வர்ற நல்ல டிஸ்க்கும் உண்டு, அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

பார்சல் பிரிக்கறதை வெட்டில்லாம வீடியோ எடுங்க. பணம் போயிருந்தா அன்னைக்கே யுபிஐ ஆப்ல புகார், சைபர் கிரைமுக்கு 1930, நுகர்வோர் உதவிக்கு 1915. நாமளே பின் போட்டு அனுப்பின பணம் திரும்பறது கஷ்டம், இருந்தாலும் புகார் எண் வாங்கி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, எக்ஸ்டெண்டட் கட் படத்தைக் காப்பாத்தும்னு நினைச்சு யாரும் தேடாதீங்க. லூசி போயிடறா, கார் துரத்தல் இன்னும் நீளுது, செர்னோபில் அப்படியேதான் இருக்கு.

அந்தப் பக்கத்துல இப்ப அதே பெட்டி மறுபடியும் 2,800-க்கு விற்பனைக்கு வந்திருக்கு, "கடைசி பீஸ்"னு. உள்வளையத்தைக் காட்டற அதே போட்டோ, இடது ஓரத்துல கட்டைவிரல் நகம் தெரியும், பார்த்தா விட்டுடுங்க.