வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் விசா போட்டோ: நம்பிப் போகலாம்

நாகர்கோவிலில் விசா போட்டோவுக்கு இந்தச் சின்ன ஸ்டுடியோ போதும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார வைக்கிறார்கள். பின்னால் நிழல் விழாது. கேமரா கண் மட்டத்தில், ஆறடி தள்ளி. கிட்டத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கி, வேறு ஆள் மாதிரி ஆகிவிடும். அமெரிக்க விசாவுக்கு 51 மி.மீ. சதுரம், தாடையிலிருந்து உச்சி வரை 25 முதல் 35 மி.மீ.; மூக்குக்கண்ணாடி 2016 நவம்பரிலிருந்து கூடாது.

முக்கியமானது, இங்கே மச்சத்தை அழிப்பதில்லை, நிறத்தை வெளுப்பதில்லை. கடற்கரை வெயிலில் கறுத்த நெற்றி கறுப்பாகவே வருகிறது. கல்யாண ஆல்பத்து டச்சப் ஒரு முகமூடி. அதோடு விண்ணப்பித்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

குறை ஒன்றுதான்: முகம் பார்க்கும் மூலையில் வெளிச்சம் போதாது. கைக்குட்டை கொண்டுபோங்கள், வியர்வை மினுங்கினால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும்.