கூடலூர், பந்தலூர் மக்களுக்கு: வாடகை ஜாமீன் ஆளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு). அடிதடி வழக்கில் உள்ளே போனவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர், தலா ரூ.10,000, அதில் ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவு. தம்பி ஒருவர் இருந்தார், இன்னொரு ஆள்தான் இல்லை. கோர்ட் வாசல் டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேசினார். "ஆள் ரெடி, பேப்பர் ரெடி, எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரம். கோர்ட்டுக்குக் கட்டுறதும் அதுல அடக்கம்" என்றார். கம்மல் அடகுக்குப் போனது. கைதானவரும் வெளியே வந்தார். மூன்றாம் மாதம் மறுபடி உள்ளே போய்விட்டார். அந்த வாடகை ஆள் காட்டிய வீட்டு வரி ரசீது அவருடையதே இல்லை, அதே ரசீது வேறு வழக்குகளிலும் ஜாமீனுக்குப் போயிருந்தது.

இதில் இரண்டு ஏமாற்று. முதலாவது, "கோர்ட்டுக்குக் கட்டுவது" என்று ஜாமீன்தாரர் நிற்கும்போது ஒன்று கிடையவே கிடையாது. ரூ.10,000 பிணை என்றால் அது வெறும் உறுதிமொழி. சொன்ன தேதிக்கு ஆள் வராவிட்டால்தான் அந்தத் தொகை கேட்கப்படும். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்று அந்தப் பத்தாயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

இரண்டாவதுதான் ஆபத்து. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்., 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ளது) 488-ஆவது பிரிவுப்படி, மோசடியாலோ தவறாலோ தகுதியற்ற ஜாமீன் ஏற்கப்பட்டது தெரிந்தால் நீதிமன்றம் பிடிவாரண்ட் போடலாம். புது ஜாமீன் கொடுக்க முடியாதவர் சிறைக்குத் திரும்ப வேண்டியதுதான். புரோக்கருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஜாமீன்தாரர் ஒவ்வொருவரும் தான் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று எழுதித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 486-ஆவது பிரிவு. வாடகை ஆள் அங்கே பொய் எழுதுகிறார். மாட்டுவது உங்கள் ஆள்.

இந்த வியாபாரம் இங்கே ஏன் இவ்வளவு செழிக்கிறது? பட்டாதான் காரணம். ஊட்டியில், குன்னூரில் சொந்த வீடு உள்ளவர் சொத்து வரி ரசீதை நீட்டி அன்று சாயங்காலமே ஆளைக் கூட்டிப் போய்விடுவார். கூடலூர், பந்தலூரில் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தும் அதன் பிரிவு 17 நிலத்துச் சிக்கல் (ஜென்மிகள் தோட்டங்களுக்குக் குத்தகை விட்ட நிலம்) தீராமல், தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடமே பட்டா கிடையாது. லயம் தோட்டக் கம்பெனியுடையது. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பு. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிகளின் பாடிகள் காட்டோரத்தில். இவர்களிடம் "சொத்து மதிப்புச் சான்று கொண்டு வா" என்றால், உள்ளேயே இரு என்றுதான் பொருள். குற்றம் ஒன்று, பிரிவு ஒன்று, பட்டா உள்ளவனுக்கு ஒரு நாள், இல்லாதவனுக்கு ஒரு மாதம்.

ஆனால் பட்டா வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை, அது பழக்கம். ஜாமீன்தாரரின் தகுதிக்குப் பிரமாண வாக்குமூலத்தையே நீதிமன்றம் ஏற்கலாம் (485). நிரந்தரத் தொழிலாளி என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக், இரண்டு போட்டோ எல்லாம் சேர்த்து வக்கீல் வழியாகக் கொடுங்கள். பல முறை திருப்பி அனுப்பப்படுவது பெயரில்தான். ரிமாண்ட் தாளில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல், அப்பா பெயர் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

"உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும், வயநாட்டுச் சொந்தக்காரர் ஆகாது" என்பார்கள். 1978-இல் மோதிராம் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஒரு கொத்தனாருக்கு ரூ.10,000 ஜாமீன் கேட்டு, அவர் அண்ணன்தம்பி ஒருவர் முன்வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அது தவறு என்று தீர்ப்பெழுதி, ரூ.1,000 சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். 31.1.2023 உத்தரவிலும் உச்ச நீதிமன்றம் உள்ளூர் ஜாமீன் நிபந்தனை தவிர்க்க வேண்டியது என்று சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும்.

ஆளே கிடைக்கவில்லையா? வழக்கு ஜாமீனில் விடக்கூடிய வகை என்றால் 478-ஐக் கேளுங்கள். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற வழக்குகளில் தொகை அதிகம் என்றால் ஊட்டி அமர்வு நீதிமன்றத்தில் குறைக்கக் கேட்கலாம் (484), பத்திரத்துக்குப் பதில் பணமாகக் கட்டவும் அனுமதி கேட்கலாம் (490). புரோக்கருக்குக் கொடுக்கும் பன்னிரண்டாயிரம் போனது போனதுதான். கோர்ட்டில் கட்டிய பணம், ஆள் தவறாமல் ஆஜரானால் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும்.

அந்த 2023 உத்தரவில் இன்னொன்று: ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். கூடலூர் கிளைச் சிறையோ கோவை மத்தியச் சிறையோ, எட்டாம் நாள் காலையில் நீங்களே நினைவுபடுத்துங்கள். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கிடைக்க வழி உண்டு. போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது. இதுவும் அந்த ஆணைக்குழு வழியாகத்தான்.

இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., காவலில் இருப்பவர், ஆலைத் தொழிலாளி ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. சட்ட உதவி வக்கீல் "செலவுக்கு" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள், செயலாளருக்கு எழுதுங்கள். கோர்ட் வளாகத்தில் கழிப்பறை கேட்டு நீலகிரிப் பெண் வழக்கறிஞர்கள் 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த மாவட்டம் இது. அங்கே கொழுந்து பறிக்கிற அக்கா ஒருத்தி தனியாக வந்து நின்றால் எந்த வாசலில் போய்க் கேட்பது என்று தெரியாமல் டீக்கடைக்காரரிடம் கேட்பாள். புரோக்கர் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். துணைக்கு இன்னொருவரைக் கூட்டிப் போங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்து வாடகை ஆளை நிறுத்திவிட்டவர்கள் கண்டுபிடிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம். உண்மையான ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டு, ஜாமீன்தாரரை மாற்ற வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். புரோக்கருக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார் நகலை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தால் திருப்பி வாங்குங்கள். அடுத்த வழக்கில் ஜாமீன்தாரராக நிற்பது உங்கள் பெயராக இருக்கலாம்.