முதல் வருடம்: ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா?

சித்தி மகளுக்குக் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்துவிட்டது. கோவையில் அவினாசி ரோடு பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். வீடு பொள்ளாச்சியில். அன்று ராத்திரியே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. "முதல் வருஷம் வீட்ல இருந்தே போகட்டும் கண்ணு. நல்லாப் பழகின பொறகு ஹாஸ்டல்ல சேர்த்துக்கலாம்" என்பது சித்தியின் கட்சி. சித்தப்பா கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார். பாப்பாவை யாரும் கேட்கவில்லை.

நான் இரண்டையும் பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு செமஸ்டர் காலேஜ் பஸ், அப்புறம் மூன்று வருடம் ஹாஸ்டல். அதாவது சித்தி சொல்கிற அதே வரிசை. அது தலைகீழ் வரிசை என்பதுதான் என் கட்சி.

பஸ்ஸில் போன 13 நாள்

காலை 6.20-க்கு எங்கள் ஸ்டாப்பில் பஸ். கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரி என்று ஆளை அள்ளிக்கொண்டு காலேஜ் போய்ச் சேர 8.20 ஆகும். சாயங்காலமும் அதே கதை. ஒரு நாளைக்கு 4 மணி நேரம். செமஸ்டருக்கு 80 நாள் என்று வைத்துக்கொண்டாலும் 320 மணி நேரம். ராத்திரி பகலாக 13 நாள் பஸ்ஸிலேயே குடியிருந்த மாதிரி.

"பஸ்ல உக்காந்து படிக்கலாமே" என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் போனதில்லை. காலையில் உட்கார்ந்ததும் தூக்கம், சாயங்காலம் தலைவலி, நடுவில் டிரைவர் அண்ணன் போடும் பாட்டு. கிராஃபிக்ஸ் (இன்ஜினியரிங் படம் வரையும்) வகுப்பு உள்ள நாளில் கோடு போடும் டிராஃப்டரையும் ஷீட் ஹோல்டரையும் மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் போலக் காப்பாற்ற வேண்டும். ஒரு மழை நாளில் ஜன்னல் ஒழுகி, ராத்திரி ஒரு மணி வரை போட்ட ஐசோமெட்ரிக் ஷீட்டின் மூலை ஊறிப்போய்விட்டது. பென்சில் கோடு அப்படியே இருந்தது, தாள்தான் அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. சார் அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மறுபடி போட்டுட்டு வா" என்றார்.

பஸ்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதே ரூட்டில் வந்த மூன்றாம் வருட அண்ணன்கள்தான் எனக்குப் பழைய கேள்வித்தாள்களைக் கொடுத்தார்கள். அம்மா கையால் சோறு, துவைத்து மடித்த சட்டை, காய்ச்சல் வந்தால் கஞ்சி. ஸ்டடி லீவில் வீட்டின் அமைதிக்கு எந்த ஹாஸ்டலும் ஈடில்லை. அதையெல்லாம் சும்மா சொல்லவில்லை, ஹாஸ்டலில் இருந்த மூன்று வருடமும் அதற்காக ஏங்கியவன் நான்.

நாலரை மணிக்கு மேல்

வகுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் நாலரை மணிக்குத் தொடங்குகிறது. பஸ் பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஹாஸ்டல் பையன் டீ குடித்துவிட்டு லைப்ரரிக்கோ கிரவுண்டுக்கோ கிளப்புக்கோ போகிறான், இல்லையென்றால் படுத்துத் தூங்குகிறான். அந்த நாலு மணி நேரம் அவனுடையது, வீணாக்குவதாக இருந்தாலும்.

முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் வீட்டில் தனியாக கேலி-ஹாமில்டன் தேற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதே ராத்திரி ஹாஸ்டலில் மூன்று கட்டில் போட்ட ஒரு ரூமில் பதினோரு பேர். மாதக் காலண்டரைத் திருப்பிச் சுவரில் மாட்டி, அதன் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒருத்தன் எழுதி எழுதித் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறான். "மேட்ரிக்ஸுக்கு ஒரு சமன்பாடு வரும்ல, லாம்டா இருக்கற எடத்துல மேட்ரிக்ஸையே தூக்கிப் போடு. சைபர் வரும். அவ்ளோதான்டா." மறுநாள் ஹாலுக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அந்த ரூமில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ். எனக்கு அரியர்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த ராத்திரி வகுப்பு உயிர் மாதிரி. பகலில் ஆங்கிலத்தில் கேட்டதை அன்றைக்கே தமிழில் யாராவது உடைத்துச் சொல்லிவிட்டால் முதல் வருடம் தாண்டிவிடலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஆள் கிடைப்பதில்லை. போனில் கேட்கலாமே என்றால், ஒரு சந்தேகத்தைக் கேட்கலாம். எதுவுமே புரியவில்லை என்பதைப் போனில் எப்படிக் கேட்பது?

இன்னொன்று. நாங்கள் படித்தபோது இன்டர்னலுக்கு, அதாவது செமஸ்டர் நடுவில் காலேஜே வைக்கும் பரீட்சைகளுக்கு, 20 மதிப்பெண்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60 என்று ஆனது. தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு மாறலாம். ஆக, சித்தி சொல்கிற அந்த "பழகின பொறகு" வருவதற்குள் முதல் இன்டர்னல் முடிந்திருக்கும்.

சரி, இரண்டாம் வருடம் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? மூன்றாவது செமஸ்டரில் நான் பெட்டியோடு போய் இறங்கியபோது எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்து முடித்திருந்தார்கள். யார் ரூமில் யார், யாரோடு யார் படிப்பார்கள், யார் யாரிடம் கடன் கேட்கலாம், எல்லாம் முடிவாகியிருந்தது. கடைசி ரூமில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் இல்லாத கட்டில். கூட்டத்தில் கலக்க எனக்கு இன்னொரு வருடம் ஆனது. முதல் வருடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அம்மா நினைப்பில் மூக்கைச் சிந்துகிறார்கள். அதில்தான் பாதி சிநேகம் உண்டாகிறது.

ஹாஸ்டலின் அழுக்குப் பக்கம்

மெஸ் பொங்கலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கட்டுரை அதிலேயே போய்விடும். தூக்கம்தான் பெரிய பிரச்சினை. ராத்திரி இரண்டு மணி வரை போன், காலையில் முதல் பீரியட் கட். வாசலில் காலேஜ் இருந்தும் 75 சதவீத வருகைக்குத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் பயணம் செய்து வந்த நான் ஒரு நாளும் லேட் இல்லை. எழுப்ப அம்மா இருந்தார்.

ராகிங் பயம் சித்தப்பாவுக்கு. அது நியாயமான பயம்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு 1996-ல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-ல் ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. முதல் வருடத்தினருக்குத் தனி பிளாக் உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இழுத்தடித்துப் பதில் சொன்னால் யோசிக்க வேண்டிய இடம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் இதுவரை போட்ட கணக்கே மாறலாம். பல காலேஜ்களில் லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறு, ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். லைப்ரரி எட்டு மணி வரை, கேட் ஆறு மணி வரை என்றால் அந்த நாலு மணி நேரம் ஒன்றரை மணியாகச் சுருங்கிவிடுகிறது. பையன்கள் பத்து மணிக்கு டீக்கடையில் நிற்பார்கள், அது வேறு விஷயம். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட் நேரத்தைக் கேட்கச் சொன்னேன். பாப்பா போன் போட்டாள். கேட் 6.30, ஆனால் உள்ளேயே இரவு 10 வரை ரீடிங் ஹால் உண்டாம். பரவாயில்லை ரகம்.

சித்தப்பாவின் கால்குலேட்டர்

பணத்தில் பஸ்தான் ஜெயிக்கும், அதில் வாக்குவாதம் இல்லை. ஆனால் ஹாஸ்டல் செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுக் கல்லூரி மெஸ்களில் பல இடங்களில் டிவைடிங் முறை. மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலையில் பிரிப்பார்கள், தனியார் ஹாஸ்டலில் வருடத்துக்கு ஒரே தொகை. கையிருப்பு குறைவான வீடுகள் அரசு நடத்தும் இலவச நல விடுதிகளை மறந்துவிடுகின்றன. 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டவை இவைதான். காலேஜுக்கு வெளியே இருந்தாலும் அங்கேயும் அந்த ராத்திரி வகுப்பு நடக்கும்.

நாலு பேர் சேர்ந்து வெளியே ரூம் எடுப்பது மூன்றாவது வழி. முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டின் சோறும் கிடைக்காது, ஹாஸ்டலின் கூட்டமும் கிடைக்காது. வாடகைத் தேதியும் கேஸ் சிலிண்டரும்தான் மிஞ்சும்.

என் கோடு இதுதான். ஒரு பக்கப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வீட்டிலேயே இருக்கலாம், வாரம் இரண்டு நாளாவது கடைசி பஸ்ஸில் வரட்டும். ஒன்றரையைத் தாண்டினால் முதல் வருடமே ஹாஸ்டல். காசு நெருக்கினால் மூன்றாம், நான்காம் வருடத்தில் வீட்டுக்குத் திரும்பலாம், அதற்குள் ஆட்கள் கிடைத்திருப்பார்கள். நடுவில் இருக்கிற அரை மணி நேரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளை காலையில் தானாக எழுந்திருக்குமா என்பதைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சித்தி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாப்பாவிடமிருந்து போன். "அண்ணா, வாளி எவ்ளோ பெருசு வாங்கணும்?"

பதினாறு லிட்டர் போதும், மூடி போட்டதாகப் பார்த்து வாங்கு, அதன் மேல் பெயிண்டில் பேர் எழுதிவிடு என்றேன்.