குளிர்காலத் துப்பாக்கி எண்ணெய்: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

இந்த எண்ணெயை வாங்க நேர்ந்த காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில், சுடுதளத்தில் என் போல்ட் ரைஃபிளில் (போல்ட் என்பது கையால் திறந்து மூடும் பூட்டுத் தண்டு) ஏற்றிய பத்துத் தோட்டாக்களில் மூன்று வெடிக்கவில்லை. விசையை இழுத்ததும் வழக்கமாகக் கேட்கும் ‘சடக்’ என்ற கூர்மையான ஒலி வரவில்லை. ஈரத்துணியின் மேல் தட்டியதுபோல் மந்தமான ஓசைதான் வந்தது. தோட்டா சற்றுத் தாமதித்தும் வெடிக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் குழல்வாயை இலக்கை விட்டு விலக்காமல் ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்து, அதன் பிறகே போல்ட்டைத் திறந்தேன்.

வெடிக்காத தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பற்றி மருந்தைக் கொளுத்தும் அடிப்பகுதி மூடியில், போல்ட்டுக்குள் இருக்கும் சுடும் ஊசி பதித்த குழி இருந்தது. ஆனால் கோடையில் சுட்ட ஒரு தோட்டாவின் வெற்றுக்கூட்டை அருகில் வைத்துப் பார்த்தபோது, அதில் இருந்த ஆழத்தில் பாதிகூட இதில் இல்லை. ஊசி முனை உடைந்திருந்தால் எல்லாப் பருவத்திலும் இந்தக் கோளாறு இருந்திருக்கும். தோட்டாக்களோ முந்தைய மாதம் குறையின்றி வெடித்த அதே பெட்டியைச் சேர்ந்தவை. எனவே ஊசி போதிய வேகத்தில் அடிக்கவில்லை என்பது தெளிவாயிற்று. வீட்டில் போல்ட்டைப் பிரித்தபோது, ஊசியைத் தள்ளும் சுருள்வில்லின் சுற்றுகளுக்கு இடையே பழுப்பு நிறத்தில், உறைந்த தேனைப் போன்ற ஒரு பசை அடைந்திருந்தது. தொழிற்சாலையில் துருவுக்காகப் பூசியிருந்த கிரீஸும், பல ஆண்டுகளாக நான் தாராளமாக விட்ட எண்ணெயும் கலந்து திரண்ட அழுக்கு அது. சாதாரணக் கனிம எண்ணெயில் உள்ள மெழுகு குளிரில் படிகமாகி எண்ணெயைக் கெட்டியாக்கிவிடும். வில்லின் விசையில் ஒரு பகுதி அந்தப் பசையைத் தள்ளுவதிலேயே கரைந்துபோகிறது.

நான் வாங்கிய எண்ணெய், பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற செயற்கை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. இதில் மெழுகு இல்லாததால் கடுங்குளிரிலும் ஓடும் தன்மையை இழப்பதில்லை. குப்பியின் ஊசிமூக்கு மிக நன்றாக அமைந்திருக்கிறது. துளியை வேண்டிய இடத்தில் மட்டும் வைக்க முடிகிறது. ஒரு தகரத் துண்டில் இதில் ஒரு சொட்டும் என் பழைய எண்ணெயில் ஒரு சொட்டும் விட்டு, இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்துக் காலையில் சாய்த்துப் பார்த்தேன். புதியது தண்ணீரைப் போல் வழிந்தது; பழையது நகர மனமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. வீட்டு உறைபெட்டியின் குளிர் மைனஸ் 18 அளவுதான் என்பதால் இதை முழுச் சோதனையாகக் கொள்ளவில்லை. ஆனால் பிறகு மைனஸ் 30 வரை இறங்கிய நாட்களிலும் போல்ட்டின் கைப்பிடி கோடையில் போலவே இலகுவாகத் திரும்பியது.

குப்பியின் மேல் அச்சிட்டுள்ள அறிவுரையோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ‘போல்ட்டின் உட்புறம் முழுவதும் நனையுமாறு விடவும்’ என்கிறது அது. எவ்வளவு மெல்லிய எண்ணெயானாலும், ஊசி ஓடும் துளையில் தேங்கினால் கரியையும் தூசியையும் பிடித்து மீண்டும் பசையாகிவிடும். நான் அந்தத் துளையையும் ஊசியையும் சுருள்வில்லையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலரவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் ஊசியை ஒருமுறை துடைத்து, அந்தத் துணியின் ஈரமும் எஞ்சாதபடி உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தேன். எண்ணெய்ச் சொட்டு பூட்டுக் காதுகளின் (போல்ட்டை மூடிய நிலையில் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்) பின்புறத்துக்கும், போல்ட்டைத் திறக்கும்போது வில் இழுபடும் சரிவுக்கும் மட்டும்தான். கிராஃபைட் தூளும் நல்ல மாற்றுதானே என்று சிலர் கேட்பார்கள். காற்றில் ஈரம் மிகக் குறைந்த கடுங்குளிரில் கிராஃபைட்டின் வழுக்கும் தன்மை குறைந்துவிடும், அலுமினியப் பாகங்களை அரிக்கவும் கூடும். உலர்ந்த பூச்சுதான் வேண்டுமென்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடு மேலானது.

இவ்வளவு செய்த பிறகும் பருவத்தின் நடுவில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. அந்தக் குற்றத்தை எண்ணெயின் மேல் சுமத்துவது நியாயமாகாது. முந்தைய மாலை, குளிர்ந்த ரைஃபிளை உறையில்லாமல் சூடான அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். உலோகத்தின் மேல் வியர்த்த நீர் ஊசித் துளைக்குள்ளும் படிந்து, மறுநாள் வெளியே சென்றதும் பனிக்கட்டியாயிற்று. இப்போதெல்லாம் வெளியிலேயே உறைக்குள் இட்டு இறுக மூடி, வீட்டுக்குள் வந்தபின் ரைஃபிளின் உடல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறப்பதில்லை.

இந்த எண்ணெயின் உண்மையான குறை துருப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. ஓடும் தன்மை மிகுந்த எண்ணெய் மேற்பரப்பில் தங்காது. மூன்று வாரம் தொடாமல் வைத்திருந்தபோது குழலின் அடிப்புறத்தில், கை படும் இடத்தில், செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மெல்லிய எஃகு நார்ப்பஞ்சால் தேய்த்ததில் அவை போய்விட்டன என்றாலும் மனம் சங்கடப்பட்டது. ஆகவே அடுத்த குளிருக்கும் போல்ட்டுக்கு இதையேதான் வாங்குவேன். குழலின் வெளிப்புறத்துக்குப் பழைய கெட்டி எண்ணெயைத் தொடர்ந்து பூசுவேன்.