ரீமேப் போட்ட ஆக்டேவியா ஆர்எஸ்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இந்தியாவுக்கு வந்தது 2017-இல். அன்றைய ஷோரூம் விலை 24.62 லட்சம். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), பின்னால் 590 லிட்டர் டிக்கி. இதையெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வரலாம், அதை வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனால் ஏழு வினாடிக்குள் நூறைத் தொடலாம். எனக்கு அது போதும்.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். வண்டி இருப்பது கோவையில். செய்திருக்கும் மாற்றங்கள் அதிகமில்லை: இன்ஜினுக்கு ஸ்டேஜ் 1 மேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றிப் பவர் ஏற்றுவது), கியர்பாக்ஸுக்குத் தனி மேப், பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை ஆறவைப்பது), ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டை வேகமாகக் கடத்தும் ஸ்பார்க் பிளக், நல்ல பிரேக் ஆயில். டவுன்பைப் (டர்போவை அடுத்து வரும் புகைக்குழாய்) மாற்றவில்லை, ஸ்பிரிங்கைத் தாழ்த்தவில்லை, சைலன்ஸரைத் தொடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இத்தனை வருடம் ஓட்டியதில் புரிந்தது ஒன்றுதான். டர்போ வண்டியில் பவர் ஏற்றுவது லேப்டாப்பில் அரை மணி நேர வேலை. அந்தப் பவரோடு சேர்ந்து வரும் சூட்டை வெளியேற்றுவதுதான் மிச்சமுள்ள வருடங்களின் வேலை. அதுவும் நம் ஊர் வெயிலில்.

மேப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த வண்டியின் இஏ888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் இருப்பது ஐஎச்ஐ கம்பெனியின் ஐஎஸ்20 டர்போ. நல்ல பெட்ரோல் கிடைத்தால் ஸ்டேஜ் 1-இல் 290-ஐ ஒட்டிய குதிரைத்திறன் வரும் என்று உலகம் முழுக்க டியூனர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நல்ல பெட்ரோல் என்பது 98 ஆக்டேன்; அந்த எண் கூடக் கூட, பெட்ரோல் அழுத்தத்தில் தானே வெடிக்காமல் தாங்கும். நம்மூரில் 100 ஆக்டேன் இருக்கிறது. இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ 2020 டிசம்பரில் கொண்டுவந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். ஆனால் எல்லா பங்கிலும் கிடைக்காது. கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும் வழியில் அதைத் தேடி அலைய முடியாது. அதனால் 95 ஆக்டேனுக்குத்தான் மேப் எழுதச் சொன்னேன். உச்சத்தில் பத்துப் பதினைந்து குதிரைகள் குறைந்திருக்கும். பதிலுக்கு எந்த ஊர் பங்கிலும் நிம்மதியாக நிற்கலாம்.

பவரை அளக்கும் டைனோ ரோலரில் கொடுக்கும் சீட்டை நான் பெரிதாக மதிப்பதில்லை. ரோலரில் வண்டியைக் கட்டி ஓட்டும்போது முன்னால் வைக்கும் ஃபேன், சாலையில் அடிக்கும் காற்றுக்கு ஈடாகாது. முதல் ஓட்டத்தில் வரும் எண் மூன்றாவது ஓட்டத்தில் வராது. உள்ளே போகும் காற்று சூடேறியிருக்கும், இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்திருக்கும். சீட்டில் முதல் எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். மேப் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ரோலரில், ஒரே நாளில் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது மட்டும்தான் ஓரளவு உண்மை.

மேப் போட்டதும் எல்லோருக்கும் வரும் ஆசை எனக்கும் வந்தது: டவுன்பைப் போன்ற பாகங்களையும் மாற்றி இன்னும் பவர் ஏற்றும் ஸ்டேஜ் 2. "அண்ணா, அப்படியே ஸ்டேஜ் டூவும் போட்டுரலாங்களா?" என்று கேட்டேன். வண்டி பார்க்கும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "போட்டுரலாங்க. மொதல்ல இந்த ஒன்னையே ஏப்ரல் மாசத்துல ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார்.

ஓட்டினேன். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு கொடுப்பினை. பெருந்துறை தாண்டினால் அது இல்லை. சேலம் சாலையில் மதிய வெயிலில் லாக் (இன்ஜின் சென்ஸார்கள் காட்டும் எண்களின் பதிவு) எடுத்துப் பார்த்தால், வெளியே நாற்பதை நெருங்கும்போது இன்ஜினுக்குள் போகும் காற்று அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை சூடேறிய இன்டர்கூலர், அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல் மாதிரி. டோலில் நாலு நிமிஷம் நின்று கிளம்பினால் அடுத்த இழுப்பில் பாதி உயிர்தான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளை வெயில் வாங்கிக்கொண்டு போகிறது என்றால் ஸ்டேஜ் 2 எதற்கு? அந்தப் பணத்தில் இன்டர்கூலரை மாற்றினேன். அதன் பிறகு ஓடும் வண்டியில் உள்காற்றுச் சூடு வெளிச்சூட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. உச்ச பவர் கூடவில்லை. இருக்கும் பவர் மே மாதத்திலும் அப்படியே இருக்கிறது.

இன்டர்கூலர் வாங்கும்போது அளவை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வண்டியில் அது ரேடியேட்டரோடு ஒட்டிய அடுக்கில் உட்காருகிறது. தடிமனான, துடுப்புகள் நெருக்கமாக உள்ள கோர் போட்டால் பின்னால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அடைத்துவிடும். நெடுஞ்சாலையில் குளுகுளுவென்று இருக்கும், காந்திபுரம் சிக்னலில் ஏசி வேலை செய்யாது.

லாக் எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேப் போட்டவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு ஒரு லாக்கும் எடுப்பதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் கருவி ஒன்று, அதற்கான ஆப், காலியான சாலை, பக்கத்தில் ஓர் ஆள். மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,000 வரை ஒரே இழுப்பு. பார்க்க வேண்டியவை: கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்டும் ஒத்துப்போகிறதா, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) விழுகிறதா, உள்காற்றுச் சூடு எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு சிலிண்டரில் ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கினால் கவலையில்லை. நான்கிலும் நான்கு டிகிரிக்கு மேல் என்றால் பெட்ரோல் மோசம், அல்லது பிளக் தேய்ந்துவிட்டது, அல்லது மேப் பேராசைக்காரன் எழுதியது. நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிக்கும் தட்டலை, காது கேட்பதற்கு வெகு முன்பே லாக் சொல்லிவிடும்.

எத்தனால் விஷயம். இப்போது சாதா பங்கில் வருவது ஈ20. இருபது சதவீதம் எத்தனால் என்றதும் டர்போக்காரர்கள் அலறுகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகச் சூட்டை உறிஞ்சும். நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் இந்த இன்ஜினில் அது உள்ளேயே நடப்பதால் நாக்கிங் குறையும். ஆக்டேனும் நல்லதுதான். கெட்ட பக்கம், அதன் எரிசக்தி குறைவு. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று போதும் என்றால், ஈ20-க்கு 13.5 போல. அதாவது அதே காற்றுக்கு அதிக பெட்ரோல் ஊற்ற வேண்டும். மைலேஜ் விழும், ஹை பிரஷர் பம்புக்கு வேலை கூடும். ஆக்சிஜன் சென்ஸார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் மேப் ஏற்கெனவே பம்பின் விளிம்பில் நின்றால் சரிசெய்ய இடம் இருக்காது. ஈ20-க்கு முன்னால் எழுதிய மேப்பை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் டியூனரிடம் ஒருமுறை போய் ரெயில் பிரஷரைப் பார்த்துவிடுவது நல்லது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்களுக்கு இன்னொன்று: எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஊருக்குப் போவதற்கு முன் டேங்க்கை நிரப்பி வையுங்கள்.

ஆயிலில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். ரீமேப் போட்ட வண்டிக்கு அதில் பாதியில் மாற்றுகிறேன். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 502 00 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-40, ஐந்தே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று போட்டிருந்தால் நல்லது. 2020-இல் வந்த அந்தத் தரத்தில், குறைந்த ஆர்பிஎம்மில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிந்து பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கான சோதனையும் உண்டு.

இந்தக் கோளாறு பற்றி இங்கே யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. டிஎஸ்ஜி, டி-யில் போட்டால் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே மேல் கியருக்கு ஓடிவிடும். இன்ஜின் 1,500-இல் முனகிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் லாரியைத் தாண்ட வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரைப் பாதி அமுக்கினால், கியர் இறங்காமலே முழு பூஸ்டும் வந்து விழும். இன்ஜினுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. ரெட்லைன் வரை முறுக்குவது இதற்கு எவ்வளவோ தேவலாம். என் மேப்பில் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கட்டிப்போடச் சொல்லியிருக்கிறேன். "பிக்கப் கொஞ்சம் சோம்பலா இருக்குமேங்க" என்றார் டியூனர். இருக்கட்டும். ஓவர்டேக் பண்ணுவதற்கு முன்னால் ஸ்டீயரிங் பின்னாலுள்ள பேடிலைத் தட்டி இரண்டு கியர் இறக்கிக்கொள்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் போனதும் கூலன்ட் 90 காட்டும், ஆயில் அப்போது ஐம்பதில்கூட இருக்காது. டிஸ்ப்ளேயில் ஆயில் சூடு தனியாக வருகிறது, அது எண்பதைத் தொடும்வரை அமுக்குவதில்லை. நிறுத்தும்போது பழைய கால டர்போ டைமர் எல்லாம் தேவையில்லை. இன்ஜின் அணைந்த பிறகும் எலக்ட்ரிக் பம்ப் ஒன்று டர்போவைச் சுற்றிக் கூலன்ட்டை ஓடவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தால் போதும்.

கூலன்ட் என்றதும் சொல்ல வேண்டியது தெர்மோஸ்டாட் ஹவுஸிங். வாட்டர் பம்போடு சேர்ந்த இந்தப் பிளாஸ்டிக் கூடு இஏ888 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மெல்லக் கசிந்தால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. சூட்டில் அங்கேயே காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படியும். நான் கசியும்வரை காத்திருக்கவில்லை, மற்றொரு வேலைக்காகப் பக்கத்தில் பிரித்தபோதே மாற்றச் சொல்லிவிட்டேன். கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை, காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இதே வரிசையில், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐடிலில் விசில் மாதிரிச் சத்தமோ, ஆயில் மூடியைத் திறக்க முடியாதபடி உறிஞ்சலோ இருந்தால் அதன் டயஃப்ரம் கிழிந்திருக்கும்.

பிளக் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி, 30,000-க்குள் மாற்றம். ஆடி ஆர்8 காரின் சிவப்பு நிற இக்னிஷன் காயில் போட்டால் பவர் கூடும் என்பது கட்டுக்கதை. பானட்டைத் திறந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கியர்பாக்ஸைப் பற்றி ஊரில் பயம் அதிகம். டிஎஸ்ஜி என்றாலே புட்டுக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிக்யூ200-ஐ மனதில் வைத்துப் பேசுகிறார்கள். இதில் இருப்பது டிக்யூ250, ஆயிலில் மூழ்கிய கிளட்ச், அந்தச் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம். நான் நாற்பதிலேயே மாற்றுகிறேன். மட்டம் பார்ப்பது ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது. ஸ்கேனரை மாட்டாமல் குத்துமதிப்பாக ஊற்றும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். இன்ஜின் மேப் மட்டும் போட்டு கியர்பாக்ஸ் மேப்பை மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். கிளட்ச்சைப் பிடிக்கும் அழுத்தம் பழைய டார்க்குக்கே இருக்கும், வழுக்கும்.

முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி என்பதை மேப் ஒரு நாளும் மறைக்காது. மழை ஈரத்தில் மூன்றாவது கியரிலும் சக்கரம் சுழலும். டயர் 225/45 ஆர்17. முன்டயர் சீக்கிரம் தேயும். பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி இறங்குபவர்கள் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்து கொதிநிலை இறங்கியிருக்கும், பெடல் பஞ்சாகிவிடும்.

இதையெல்லாம் முழுசாக அமுக்கிப் பார்க்கும் இடம் சாலை அல்ல. நமக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, மறைந்த கரிவர்தனின் பெயரில். இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் சின்ன டிராக். அகலமாக ஓட்ட வேண்டுமென்றால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் வண்டி நாள் முழுக்கத் தாங்கும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. வாரன்டி போகும், இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் கேள்வி வரும். இவற்றோடு வாழ முடியாதென்றால் ஸ்டாக் ஆர்எஸ் மோசமான வண்டி இல்லை, அப்படியே ஓட்டலாம்.

இப்போது சந்தைக்கு வரும் ஆர்எஸ்களில் பல ஏற்கெனவே யாரோ ரீமேப் போட்டு, விற்கும் முன் ஸ்டாக் ஃபைலைத் திருப்பிப் போட்டவை. வாங்கப் போகிறவர்கள் டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பிளக்கை ஒன்று கழற்றிப் பாருங்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் டார்ச் அடித்து அந்த இளஞ்சிவப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். முக்கியமாக, இரவெல்லாம் நின்ற வண்டியை நீங்களே முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.