கேட்டோ யூனிட்ராக்கா, பாக்மன் ஈசி ட்ராக்கா?

இரண்டும் மாதிரி ரயில்களுக்கான தண்டவாள வகைகள். இரண்டிலும் தண்டவாளத்தின் அடியில் ஜல்லிமேடு போன்ற பிளாஸ்டிக் படுகை சேர்ந்தே வரும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். தரையிலேயே விரித்து ரயில் ஓட்டலாம்.

வித்தியாசம் இணைப்பில்தான். கேட்டோவில் உலோக இணைப்பானும் பிளாஸ்டிக் கொக்கியும் ஒரே துண்டு. ‘டக்’கென்று மாட்டும், தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பாக்மனில் மெல்லிய உலோக இணைப்பான் தண்டவாள முனையில் தனியாக நிற்கும். அவசரமாகத் தள்ளினால் தண்டவாளம் அதற்குள் நுழையாமல் மேலேறி உட்கார்ந்துவிடும். விரலால் தடவினால் அந்தப் படி தெரியும். அங்கேதான் பெட்டி தடம்புரளும்.

பாக்மன் வாங்குவதென்றால் படுகையின் நிறத்தைப் பாருங்கள். எச்.ஓ. அளவில் (HO, அசலில் 87இல் ஒரு பங்கு) கருப்பு என்றால் எஃகுத் தண்டவாளம். ஈரப்பதத்தில் துருப்பிடித்து மின்சாரம் விட்டுவிட்டு வரும். சாம்பல் என்றால் நிக்கல் சில்வர், துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவை. முதலில் வாங்கிய ரயில் செட்டில் கருப்பு கிடைத்திருந்தால், அதையே மேலும் வாங்கிக் குவிக்காதீர்கள்.

தோற்றத்திலும் கேட்டோ ஒரு படி மேல்: எச்.ஓ.வில் அதன் தண்டவாளம் ‘கோட் 83’ (code, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கும் தண்டவாள உயரம்), பாக்மன் ‘கோட் 100’, சற்றே தடித்தது. ஆனால் எச்.ஓ.வைவிடச் சிறிய ‘N’ அளவில், கேட்டோவின் 4ஆம் எண் பிரிதடத்தை (ரயில் வேறு தடத்துக்குப் பிரியும் துண்டு; எண் கூடினால் பிரியும் கோணம் குறையும்) நான் பரிந்துரைக்க மாட்டேன். இடமிருந்தால் 6ஆம் எண்.

அடிக்கடி கழற்றி மாட்டுபவருக்குக் கேட்டோதான். பாக்மன் தடம் ஏற்கெனவே கையிலிருந்து, ஒருமுறை போட்டுவிட்டு அப்படியே விடப்போகிறீர்கள் என்றால், சாம்பல் படுகையே போதும்.