அத்தையின் பிக் லைனும் தஞ்சாவூர் சிஸ்டர்களும்

ஆடி மாதம் டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்; தஞ்சாவூரில் கீமோ. கூடப் போய்வருவதே என் வேலையாக இருந்தது. மேல்கையில் பிக் லைன், அதாவது மருந்து ஏற்றும் நீண்ட மெல்லிய குழாய், போட்டிருக்கிறார்கள். அதன் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்வரை போகிறது. வெளிவாயில் ஒட்டும் கிருமிக்கு அது நேர்வழி.

டே கேர் வார்டில் சிஸ்டர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைனைத் தொடும் ஒவ்வொரு முறையும் முதலில் கை சுத்தம். அடுத்து அதன் வாயை ஆல்கஹால் துடைப்பானால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் சிரிஞ்ச். வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் இதில் அவசரமே இல்லை. மனம் நிறைந்துபோனது. 2006இல் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூ ஆய்வில், இத்தகைய குழாய்வழி ரத்தத்தில் வரும் தொற்றை மூன்றில் இரண்டு பங்குவரை குறைத்தவையும் எளிய பழக்கங்கள்தாம்: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், தேவை முடிந்த குழாயை எடுத்துவிடுதல் போன்ற ஐந்து.

சிரமமெல்லாம் வீட்டில்தான். லைனை மூடும் ஒளிபுகும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அப்போதே மாற்றியாக வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து வேர்வையில் வாரக்கடைசிவரை அது எங்கே ஒட்டியிருக்கிறது! பக்கத்துக் கிளினிக்கில் சாதாரணப் புண்ணுக்குக் கட்டுவதுபோலக் கட்டப் பார்த்தார்கள். வேண்டாமென்று சொல்லி, கார் வைத்துத் தஞ்சாவூருக்கே கூட்டிப்போனேன். கார் வைக்க முடியாதவர்கள் அந்த உடம்போடு பஸ் ஏற வேண்டும்.

பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் முழுக வேண்டும் என்றார் அத்தை. சிஸ்டர் கோபிக்கவில்லை. "படித்துறையில உக்காந்து சாமி கும்பிடுங்கம்மா. லைன் எடுத்தப்புறம் அடுத்த வருஷம் முழுகிக்கலாம்" என்றார். அத்தை கேட்டுக்கொண்டார்.

காய்ச்சலுக்கான அட்டையைத் தமிழிலேயே தந்திருந்தார்கள். கீமோ முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு மிகவும் இறங்கும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டாலே, பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் கிளம்பிவிட வேண்டும். லைனில் சலைன் ஏற்றியதும் குளிர்நடுக்கம் வந்தால், லைனிலேயே கிருமி இருக்கலாம்.

2021இலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கும் ஆள் வருகிறார்கள். அவர்களுக்கே பிக் லைன் டிரெஸ்ஸிங் பழக்கி, கிருமி நீக்கிய கிட்டும் கையில் கொடுத்தால், மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் இருப்பவர்கள் இதற்காகத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை.